இருக்கும் நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்கட்டும்!

ஒரே ஆளின் பெயரை ஒரே நாளில் இரண்டு தோட்டத்துச் செக்ரோலில் எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. எழுதிய கிராணியின் வேலை போகும். பெயர் கொடுத்த தொழிலாளியின் சம்பளம் போகும். மண்டோர் முதல் மானேஜர் வரை எல்லோரும் நீதிமான்களாகி விசாரணை நடத்துவார்கள். ஆனால் அதே காரியத்தை நாட்டின் சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் செய்தால் அதற்குப் பெயர் தலைமைத்துவம்! ஒரே மனிதர் ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தில் ஒரு பெயர். கோலாலம்பூர் மக்களவையில் இன்னொரு பெயர். இரண்டு நாற்காலி, இரண்டு படி, இரண்டு வரவேற்பு. வேலை மட்டும் ஒரே மனிதருக்குரிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்!

பதவியில் இருப்பவர் வேறு பதவிக்குப் போட்டியிட விரும்பினால், இருக்கும் பதவியை முதலில் விட்டுவிட வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கட்சிக்காரர்கள் கேட்கமாட்டார்கள். எல்லாக் கட்சிக்கும் இதில் லாபம் இருக்கிறது. ஆகவே நாம் கேட்கிறோம். நமது பதில், "விடத்தான் வேண்டும். வென்ற பிறகு அல்ல, வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே விட வேண்டும்."

சட்டம் யாரை விலகச் சொல்கிறது?

நமது அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவைப் பாருங்கள். அரசாங்கத்தில் முழுநேர உத்தியோகம் பார்ப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை என்று அது சொல்கிறது. நியாயந்தான். ஆனால் இதன் பொருள் என்ன? நமது தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் மக்கள் சபைக்குப் போக நினைத்தால், வேலையைத் தலைமுழுகிவிட்டுத்தான் போக வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்புத் தூக்கும் ஊழியருக்கும் அதே கதிதான். தோற்றால் பழைய மேசை காத்திருக்காது.

அடுத்த பிரிவு 49. ஒருவர் ஒரே சமயத்தில் மக்களவையிலும் மேலவையிலும் இருக்கக் கூடாது. மக்களவைக்கு இரண்டு தொகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படவும் கூடாது. இதுவும் நியாயந்தான். ஆனால் ஒரு காலை மாநிலச் சட்டமன்றத்திலும் இன்னொரு காலை மக்களவையிலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், சட்டம் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில்தான் பெரிய மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

ஆசிரியர் விலக வேண்டும். அலுவலகச் சிப்பந்தி விலக வேண்டும். மந்திரி பெசார் விலக வேண்டியதில்லை! இதுதானா சமநீதி?

தொழிற்சங்கத்துக்கு அரசு போட்ட சட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அரசியல் கட்சியில் பொறுப்பு வகிப்பவர் சங்கத்தின் செயலவையில் உட்காரக் கூடாது என்று நமக்கு விதி எழுதினார்கள். அது நமது கையைக் கட்ட வந்த விதி என்பது தனி வழக்கு. நாம் சொல்ல வருவது இதுதான்: இரண்டு படகில் கால் வைக்காதே என்று தொழிலாளிக்குச் சட்டம் எழுதிய அதே கைகள், தங்கள் கால்களுக்கு மட்டும் அந்தச் சட்டத்தை எழுதவில்லை.

கட்சி பார்த்துப் பேசவில்லை

யாரோ ஒருவரை மனதில் வைத்து நாம் எழுதுகிறோம் என்று எவரும் கருத வேண்டாம். எல்லாக் கட்சிக் கொடியின் கீழும் இது நடந்திருக்கிறது.

பினாங்கில் 2008-ஆம் ஆண்டுத் தேர்தலில் லிம் குவான் எங் பாகான் நாடாளுமன்றத்துக்கும் ஆயர் பூத்தே சட்டமன்றத்துக்கும் உறுப்பினரானார்; முதலமைச்சரும் ஆனார். நமது பேராசிரியர் பி. இராமசாமி பத்து காவான் நாடாளுமன்றத்துக்கும் பிறை சட்டமன்றத்துக்கும் உறுப்பினரானார். துணை முதலமைச்சரும் ஆனார். தமிழர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததில் நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு. மூன்று பொறுப்பு, ஒரு மனிதர்.

திரெங்கானுவில் 2023 டிசம்பர் 2-ஆம் தேதி கெமாமான் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. நின்றவர் அம்மாநிலத்தின் மந்திரி பெசார் அகமட் சம்சூரி மொக்தார். சட்டமன்ற நாற்காலியையும் விடவில்லை. மந்திரி பெசார் நாற்காலியையும் விடவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே மூன்றாவதற்கு நின்றார், வென்றார். மாநில அரசாங்கத்தின் தலைவரே வேட்பாளராக நிற்கும்போது, எதிரே நிற்பவருக்கு அது சம ஆட்டமா?

ஜொகூர் கதை இன்னும் தெளிவானது. சலாவுடின் அயூப் 2023 ஜூலை 23-ஆம் தேதி காலமானார். நல்ல மனிதர் என்று எல்லோரும் வருந்தினார்கள், நாமும் வருந்தினோம். ஆனால் அவர் பூலாய் நாடாளுமன்றத்துக்கும் சிம்பாங் ஜெராம் சட்டமன்றத்துக்கும் உறுப்பினராக இருந்தார். ஒன்று ஜொகூர் பாரு பக்கம். மற்றொன்று மூவார் பக்கம். மத்திய அமைச்சர் பொறுப்பும் அவர் தோளில் இருந்தது. ஒரு மரணத்துக்கு இரண்டு இடைத்தேர்தல். 2023 செப்டம்பர் 9-ஆம் தேதி இரண்டு ஊரிலும் வாக்குச் சாவடி திறந்தது. பதவியை விடச் சொன்னால் இடைத்தேர்தல் செலவு வரும் என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

விலகியவருக்குத் தண்டனை, வைத்திருப்பவருக்கு மாலை

1988-ஆம் ஆண்டில் ஷாரிர் அப்துல் சமாட் ஜொகூர் பாரு நாடாளுமன்ற இடத்தை ராஜினாமா செய்தார். மக்களிடமே திரும்பிப் போய்ச் சுயேச்சையாக நின்று அதே இடத்தில் வென்றார். மக்களிடம் போய்க் கேட்டவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஆட்சியிலிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1990-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மக்களவையிலிருந்து ராஜினாமா செய்பவர் 5 ஆண்டுகளுக்கு மீண்டும் அங்கே வர முடியாது என்று பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டு பின்னாளில் யார் கையில் விழுந்தது? 2008-இல் கணவருக்கு வழிவிட்டு பெர்மாத்தாங் பாவ் தொகுதியிலிருந்து விலகிய டாக்டர் வான் அசிசா, 2013 மே மாதப் பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாமல் போனது. விலகியவருக்குத் தண்டனை இருந்தது. இரண்டு பதவியை ஒன்றாக வைத்திருந்தவருக்கு ஒரு நாளும் ஒரு தண்டனையும் இருந்ததில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. தான் விலகுவதற்குப் பதிலாக மற்றவரை விலகச் செய்வது! காஜாங் சட்டமன்ற உறுப்பினர் 2013 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டு திரும்புமுன்பே, 2014 ஜனவரி 27-ஆம் தேதி விலகினார். அன்வார் இப்ராகிம் அங்கே நிற்பதற்காக என்று கட்சியே சொன்னது. அன்வாரோ அப்போது பெர்மாத்தாங் பாவ் நாடாளுமன்ற உறுப்பினர். அதை விடும் பேச்சே இல்லை. வழக்கில் தீர்ப்பு வந்து அவர் நிற்க முடியாமல் போகவே, வான் அசிசா நின்று வென்றார். 2018-இல் போர்ட் டிக்சன். மே மாதம் வென்றவர் செப்டம்பரில் விலகினார். அக்டோபர் 13-ஆம் தேதி அன்வார் வென்றார். வரிசையில் நின்று வாக்களித்த போர்ட் டிக்சன் தொழிலாளியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நாற்காலி என்ன, கல்யாணத்துக்கு மொய் எழுதும் பணமா, ஒருவர் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க?

நமது பேராக் மாநிலத்தில் 2009-இல் நடந்ததையும் மறக்க வேண்டாம். தேதி போடாமல் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்த ராஜினாமாக் கடிதங்களைக் காட்டிச் சபாநாயகர் வி. சிவகுமார் இரண்டு இடங்கள் காலி என்று அறிவித்தார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. மாநில ஆட்சியே கை மாறியது. ஆகவே ராஜினாமா என்பது தலைவரின் சட்டைப் பையில் கிடக்கும் காகிதமாக இருக்கக் கூடாது. அதைச் சட்டம் எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக எழுத வேண்டும்.

வெளியே எப்படி?

இந்தியாவில் ஒருவர் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டசபையிலும் சேர்ந்து இருக்க முடியாது. 14 நாளுக்குள் சட்டசபை இடத்தை விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் தானாகக் காலியாகிவிடும். நாங்குநேரி சட்டமன்ற உறுப்பினராக இருந்த வசந்தகுமார் 2019-இல் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் வென்றதும், நாங்குநேரியை விட்டார். 1967-இல் அறிஞர் அண்ணா தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு வென்றார். முதலமைச்சர் பொறுப்பை ஏற்றதும் அந்த இடத்தை விட்டார். இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். அதற்கும் முன்னால், 1963 அக்டோபர் 2-ஆம் தேதி காமராசர் முதலமைச்சர் பதவியையே விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார். காங்கிரஸ் தலைவர் பொறுப்பு அதன் பிறகுதான் அவரிடம் வந்தது. முதலில் விட்டார், பிறகு பெற்றார். வரிசையைக் கவனியுங்கள்!

சட்டத்தில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவே பாடம். ஒரிசாவின் முதலமைச்சராகிவிட்ட கிரிதர் கமாங், நாடாளுமன்ற இடத்தை இன்னும் விடவில்லை. அங்கே சட்டசபை உறுப்பினராக அவர் ஆகியிருக்கவில்லை என்பதால் சட்டமும் தடுக்கவில்லை. 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி டில்லிக்கு வந்து வாக்களித்தார். வாஜ்பாய் அரசாங்கம் 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அந்த அரசாங்கம் நல்லதா கெட்டதா என்பது நமது பேச்சல்ல. ஒரு மாநிலத்தை ஆளப் போனவர் விட்டுப் போகாத நாற்காலி ஒரு நாட்டின் ஆட்சியையே புரட்டியது.

பக்கத்துச் சிங்கப்பூரில் தர்மன் சண்முகரத்தினம் அதிபர் தேர்தலில் நிற்க முடிவு செய்தார். மூத்த அமைச்சர் பதவி, நாடாளுமன்ற இடம், கட்சி உறுப்பியம் எல்லாவற்றையும் 2023 ஜூலையில் விட்டார்; செப்டம்பர் 1-ஆம் தேதி மக்களிடம் நின்றார்; 70 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். விட்டுவிட்டு வந்தவரை மக்கள் கைவிடவில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், 'விலகிவிட்டு நில்' என்றே பெயர் பெற்ற சட்டம் இருக்கிறது. ஆனால் அம்மாநில ஆளுநர் டிசாண்டிஸ் 2023-இல் நாட்டின் அதிபர் பதவிக்குக் களம் இறங்கியபோது, அதிபர் தேர்தலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சட்டசபை திருத்தம் போட்டுக் கொடுத்தது. பெரியவருக்காக வளைகிற சட்டம் சிறியவர் முதுகில்தான் நிமிரும். இதையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துக்கு இதில் என்ன?

"யார் எத்தனை நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கென்ன? நமக்குக் கூலியும் வீடும் பள்ளிக்கூடமும்தானே பிரச்சினை?" என்று வெட்டுக்காரத் தோழர் ஒருவர் கேட்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறோம்.

நிலம் மாநில அரசாங்கத்தின் கையில். தொழிலாளர் சட்டமும் கல்வியும் மத்திய அரசாங்கத்தின் கையில். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் வெட்டப்பட்டு, செம்பனை ஏறியபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துக்கு ஒரு துண்டு மனை வேண்டுமென்றால் ஈப்போவின் கதவைத் தட்ட வேண்டும். தமிழ்ப் பள்ளிக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்றால் புத்ராஜெயாவின் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு கதவு, அதற்காகத்தான் இரண்டு உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே ஆள் இரண்டு கதவையும் தட்டப் போனால், ஒரு கதவில் தட்டும் சத்தம் கேட்காது. மக்களவை ஆண்டுக் கடைசியில் வரவுசெலவுத் திட்டத்தை விவாதிக்கிறது; மாநிலச் சட்டமன்றங்களும் தங்கள் வரவுசெலவை அந்தக் காலத்தில்தான் எடுக்கின்றன. அந்த வாரங்களில் அவர் எங்கே இருப்பார்? நமது மனு எங்கே இருக்கும்?

இன்னும் ஒன்று. ஒருவர் இரண்டு நாற்காலியில் உட்காரும்போது, இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் யார்? கிளைக் கூட்டத்தில் பேசக் கற்றுக்கொண்ட இளைஞர். ஆயாக்கொட்டகைக்குப் பால்மாவு வாங்கித் தரப் போராடிய பெண். பாடுபட்ட வீட்டுப் பிள்ளை. அவருக்கு வர வேண்டிய வாய்ப்பைத்தான் இரண்டாவது நாற்காலி விழுங்குகிறது.

படியையும் பார்ப்போம். நாடாளுமன்ற உறுப்பினரின் மாதப் படி 16,000 வெள்ளி என்று 2015-இல் ஆனது. தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு வர 2025 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 16,000 வெள்ளி முழுநேர வேலைக்குக் கொடுக்கும் பணம் என்றால், முழுநேரத்தையும் கொடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பாகான் டத்தோ நாடாளுமன்றத் தொகுதிக்குள் ருங்கூப், ஊத்தான் மெலிந்தாங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 19-ஆம் தேதி இங்கே மூன்று இடத்துக்கு மூன்று வேறு பேர் வந்தார்கள். ஆகவே இது நமக்கு வராத வியாதி என்று எண்ண வேண்டாம். சட்டம் தடுக்கவில்லை என்றால் நாளை இங்கும் வரும். அன்று நாடாளுமன்ற முடிவில் அகமட் சாஹிட் ஹமிடிக்குக் கிடைத்த பெரும்பான்மை 348 வாக்கு. சில லயங்களின் வாக்குக்கு எத்தனை கனம் என்பதை அந்த எண் சொல்கிறது. அத்தனை கனமுள்ள வாக்கைக் கொடுப்பவர்கள், 'எங்களுக்குக் கொடுத்த தவணையை முடித்துவிட்டுப் போ' என்று கேட்கத் தயங்கலாமா?

எதிர்வாதங்கள்

"மாநிலத் தலைவர் நாடாளுமன்றத்திலும் இருந்தால் மாநிலத்துக்காக அங்கே பேசலாமே?" பேசுவதற்கு அம்மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேறு எதற்காக இருக்கிறார்கள்?

"விலகினால் இடைத்தேர்தல், மக்கள் பணம் வீண்." நாம் கேட்கும் சட்டம் வந்தால் இடைத்தேர்தல் குறையும். கையில் இருப்பதை இழக்க வேண்டும் என்று தெரிந்தால், பத்தில் ஒன்பது பேர் தவணை முடியும்வரை இருந்த இடத்திலேயே வேலை செய்வார்கள். மீதி ஒருவருக்காக வரும் இடைத்தேர்தல், உண்மையான தேவைக்காக வரும் தேர்தல்.

"தோற்றுவிட்டால் நல்ல தலைவரை இரண்டு இடத்திலும் இழப்போமே? பணக்காரர் தாங்குவார், தோட்டத்திலிருந்து வந்த உறுப்பினர் தாங்குவாரா?" இந்த வாதத்தில் கனம் இருக்கிறது, தட்டிக் கழிக்க மாட்டோம். ஆனால் ஆசிரியரின் வேலை அவர் படித்துச் சம்பாதித்தது. வெட்டுக்காரரின் வேலை அவர் வியர்வை. அவர்கள் அதை இழக்க வேண்டும் என்பதுதான் அநியாயம். உறுப்பினரின் நாற்காலியோ அவருடையதல்ல. ஊரார் கொடுத்து வைத்தது. சொந்தப் பொருளை இழக்கச் சொல்லும் சட்டம், கடன் வாங்கிய பொருளைத் திருப்பித் தரச் சொல்லத் தயங்குகிறது! இதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். தொழிலாளிக்கும் கீழ்நிலை ஊழியருக்கும் தேர்தலில் நிற்கச் சம்பளமில்லா விடுப்பு கொடுங்கள். தோற்றால் பழைய வேலைக்குத் திரும்பட்டும். பதவியில் இருப்பவர் மட்டும் பதவியை விட்டு வரட்டும். தோற்றவருக்கு 5 ஆண்டுத் தடை போன்ற தண்டனை எதுவும் வேண்டாம். அடுத்த தேர்தலில் மக்கள் அழைத்தால் வரட்டும்.

"கட்சித் தாவலுக்குத்தான் சட்டம் வந்துவிட்டதே?" வந்தது. 2022 அக்டோபர் 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது. கட்சியை விட்டால் நாற்காலி போகும். நல்லது. ஆனால் வாக்களித்த ஊரைப் பாதி வேளையில் விட்டு, மற்ற ஊரில் மாலை வாங்கப் போனால் நாற்காலி போகாது. கட்சிக்குச் செய்யும் துரோகம் துரோகம். ஊருக்குச் செய்வது உயர்வா?

நாம் கேட்பது

ஒன்று: சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ தவணை நடுவில் மற்ற சபைக்கு நிற்க விரும்பினால், வேட்புமனுவுக்கு முன் இருக்கும் இடத்தை விட வேண்டும்.

இரண்டு: பேராக்கில் 2022-இல் நடந்ததுபோல் இரண்டு தேர்தலும் ஒரே நாளில் நடந்தால், ஒருவர் ஒரே இடத்துக்குத்தான் மனுக் கொடுக்கலாம்.

மூன்று: நாடாளுமன்ற இடம் காலியானால் 60 நாளில் தேர்தல் என்பது விதி, தவணை முடிய 2 ஆண்டுக்குள் என்றால் பொதுவாகத் தேர்தல் இல்லை என்பது விலக்கு. வேறு பதவிக்காக விட்டுப்போன இடத்துக்கு இந்த விலக்கு பொருந்தக் கூடாது. தலைவரின் ஆசைக்காக ஊர் 2 ஆண்டு அநாதையாகக் கிடக்க முடியாது.

நான்கு: இதை முதலில் நமது சங்கத்திலேயே நடத்திக் காட்ட வேண்டும். கிளைப் பொறுப்பாளர் எந்தக் கட்சியின் சீட்டில் நின்றாலும், மனுக் கொடுக்கும் முன் சங்கப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். சந்தாப் புத்தகத்தையும் ரப்பர் முத்திரையையும் மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும். தோற்றுத் திரும்பினால் சாதாரண உறுப்பினராக வரட்டும். கிளை வேண்டுமென்றால் மீண்டும் தேர்ந்தெடுக்கட்டும். நாமே செய்யாததை நாட்டிடம் கேட்கும் தகுதி நமக்கு இராது.

தோழர்களே! ஒரு நிரையை வெட்டிக்கொண்டே பக்கத்து நிரையையும் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும் வெட்டுக்காரர் நம்மில் இல்லை. இருந்தால் மற்றவர் சும்மா விடமாட்டார்கள். அடுத்த கிளைப் பொதுக்கூட்டத்தில் இந்த நான்கு தீர்மானங்களையும் கொண்டு வாருங்கள். நிறைவேற்றிய தீர்மானத்தைத் தலைமையகத்துக்கு ஒரு பிரதியும், உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதியும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள். இரண்டு பிரதியும் ஒரே விலாசத்துக்குப் போகிறதென்றால், உங்கள் ஊரிலும் அந்த வியாதி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.